கயிற்றியல்

இந்நூலுக்குப் பாலக்காடு முதல் இடுக்கி வரை என்று எல்லை கூறப் புகும்போதே வருவாய்த்துறை குறுக்கே வந்து நிற்கிறது. பாலக்காடும் இடுக்கியும் ஒன்றையொன்று தொடும் மாவட்டங்கள் அல்ல. நடுவே ஆனைமலை கிடக்கிறது. பாலக்காடு வாளையாறிலும் கோபாலபுரத்திலும் தமிழ்நாட்டைத் தொடுகிறது. இடுக்கி சின்னாறு, போடிமெட்டு, கம்பம்மெட்டு, குமுளி என்று வேறிடங்களில் தொடுகிறது. பாலக்காட்டுக்காரர் சொந்த மாவட்டத்துப் பறம்பிக்குளத்தைப் பார்க்கவே சேத்துமடை வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் போகவேண்டும். ஆயினும் திணை வகுப்பவன் தாசில்தாரைக் கேட்டு வகுப்பதில்லை. பாலை மரக் காடு என்பதால் பாலக்காடு என்பார் உண்டு. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு. இடுக்கி மலையில் குறிஞ்சி 2006இல் பூத்தது, 2018இல் பூத்தது. குறிஞ்சிக்கு உரிப்பொருள் புணர்ச்சி. ஆகவே ஒருவனை இழந்தவன் இன்னொருவனைக் கண்டடையும் கதை பாலக்காட்டில் பஸ் ஏறி, பொள்ளாச்சி, உடுமலை, சின்னாறு, மறையூர் வழியாக மூணாறில் இறங்கும் என்க.

இந்நூல் என் நுதலிற்றோ எனின், ஆணும் ஆணும் காதலிக்கும் கதையை நுதலிற்று. அதிலும் ஒருவன் கட்ட மற்றவன் கட்டுண்ண, இருவரும் மனமொத்து அதை விளையாட்டாகக் கொண்ட கதை. அதிலும் முதற்காதலை இழந்து நின்றவனுக்கு அந்தக் கயிற்றின் வழியே மறுகாதல் வாய்க்கும் கதை. ஆங்கிலத்தில் இதற்குத் தனி அலமாரியே இருக்கிறது. பி.டி.எஸ்.எம். என்று நான்கு எழுத்து முத்திரை குத்தி விற்கிறார்கள், பரிசும் கொடுக்கிறார்கள். அலெக்சிஸ் ஹால் எழுதிய 'ஃபார் ரியல்' (2015) அமெரிக்கக் காதல் நாவலாசிரியர் சங்கத்தின் ரீட்டா விருதை 2016இல் வாங்கியது. அதில் ஒருவன் முப்பத்தேழு வயது மருத்துவன், பழைய காதல் முறிந்து ஆண்டுகள் பல கழிந்தும் எழுந்திருக்காதவன். மற்றவன் பத்தொன்பது வயது இளைஞன். மண்டியிடுபவன் மூத்தவன்; ஆணையிடுபவன் இளையவன். தமிழ் வாசகருக்குக் கயிறு பெரிய அதிர்ச்சியாக இராது. சின்னப் பையன் பெரியவரை ஏவுகிறானே என்பதுதான் தொண்டையில் நிற்கும்.

அற்றேல், இது மேனாட்டுச் சரக்கு, நம் இலக்கணத்தில் இதற்கு இடமேது எனின், கூறுதும். பெருந்திணையில் தொல்காப்பியர் முதலில் வைத்தது மடலேறுதல். பனைமட்டையின் கருக்கு எப்படி அறுக்கும் என்பது பனையடியில் வளர்ந்தவர்களுக்குத் தெரியும். அந்தக் கருக்கால் குதிரை செய்து, அதன்மேல் ஏறி, உடம்பு கிழியக் கிழிய ஊர்நடுவே வந்து காதலைச் சொல்வதாகப் பாடினார்கள் நம் முன்னோர். வலியைக் காதலின் சாட்சியாக வைப்பதில் நாம் எவருக்கும் இளைத்தவர் அல்லர். பனைக்குப் பாலக்காட்டில் பஞ்சமில்லை, ஓ.வி. விஜயனின் 'கசாக்கின் இதிகாசம்' (1969) முழுக்கக் கரிம்பனைக் காற்று வீசுகிறது. சித்தூர்ப் பக்கத்தில் மரங்களிலிருந்து கள் இறக்கி கேரளம் முழுக்க அனுப்புகிறார்கள். ஏறுபவர்கள் உண்டு, மடலேறுபவர்தான் இல்லை.

வடமொழியார் வேறொரு கதை சொல்கிறார்கள். காமசூத்திரத்தில் நகக்குறிக்கும் பற்குறிக்கும் அடிக்கும் தனித்தனிப் பகுதிகள் உண்டு. அடிவகைகளில் சில கொடியவற்றைத் தென்னாட்டார் வழக்கம் என்று நம் தலையில் கட்டிவிட்டு, இது நாகரிகமில்லாத செயல் என்று முகம் சுளிக்கிறார் வாத்ஸ்யாயனர். சுளித்தவர் கூடவே விபத்துப் பட்டியலும் தருகிறார். சோழ அரசன் ஒருவன் அடித்த அடியில் சித்ரசேனை என்ற கணிகை இறந்தாள். குந்தள நாட்டுச் சாதகர்ணியின் கையால் அவன் தேவி மலயவதி இறந்தாள். நரதேவன் என்ற கை ஊனமுற்றவன் குறி தவறியதில் ஒரு நடிகைக்குக் கண் போனது. உலகத்தின் முதல் பாதுகாப்புக் கையேடு இதுதான் என்று நான் கருதுகிறேன். அதே நூலில் இன்னோரிடத்தில், ஒருவர் நலத்தை ஒருவர் நாடுபவரும் நம்பிக்கை ஊறிப்போனவருமான நகரத்து ஆண்கள் தமக்குள் கூடுவதையும் அவர் பதிவு செய்கிறார். நலம் நாடுதல், நம்பிக்கை ஊறுதல்: இந்த வகைக் கதைக்கு இலக்கணம் இவ்விரண்டே. மற்றவை அணிகலன்.

அணிகலன்களை வகைப்படுத்தத் தொடங்கினால் நூல் பெருகும். பாதிக்கு மேல் இரும்புக்கடையில் கிடைப்பவை. கயிற்றுக்கே பெயர்போன நாடு கேரளம். தகழி 'கயிறு' என்ற பெயரில் (1978) ஆயிரம் பக்கம் தாண்டி எழுதினார். ஆனால் அது நிலத்தின் கதை. விடுக.

இனி ஒப்பந்தம். லியோபோல்ட் ஃபான் சாகர்-மசோக் என்ற எழுத்தாளர் 1869இல் ஃபானி பிஸ்டர் என்ற பெண்ணோடு ஆறு மாதத்துக்கு அடிமை ஓலை எழுதிக் கையொப்பமிட்டார். மறு ஆண்டு அதையே 'வீனஸ் இன் ஃபர்ஸ்' என்று நாவலாக்கினார். வைத்தியர்கள் அவர் பெயரையே ஒரு நோய்க்கு வைத்துவிட்டார்கள். அடிமை ஓலை நமக்குப் புதிதா? திருமண மேடையில் மணக்கோலத்தில் நின்ற சுந்தரரை ஒரு கிழவர் ஓலை காட்டித் தடுத்து, நீ எனக்கு வழிவழி அடிமை என்றார். ஓலையைச் சுந்தரர் கிழித்தும் பார்த்தார். மூல ஓலை வேறாக இருந்தது. திருவெண்ணெய்நல்லூர் அவை கிழவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. தெய்வக் கதையைப் படுக்கையறைக்கு இழுக்கிறான் என்று எவரும் சினக்கவேண்டாம். நான் ஒப்பிடுவது ஓலையை மட்டும். ஆனால் தமிழில் 'ஆட்கொள்ளல்' என்ற சொல்லில் அடிமைப்படுவதும் அருள் பெறுவதும் ஒன்றாகவே கிடக்கின்றன. 'அடி' என்றால் பாதம். 'அடி' என்றால் உதை. 'அடி' என்றால் செய்யுள் வரி. அடியார் மூன்றையும் வணங்குவார். ஆகவே இவ்வகைக் கதை எழுதுவோர்க்கு 'ஆள்வோன்', 'ஆட்படுவோன்' என்ற இரு சொற்களை வழங்குகிறேன். இடையிடையே இடம் மாறுபவனுக்குப் 'பொதுவன்' என்று பெயரிடலாமா என்று யோசித்தேன். அது ஆயர்க்குப் பழம்பெயர், கோனார் வீட்டுப் பிள்ளைகள் சண்டைக்கு வருவார்கள்.

இங்கே நகையை நிறுத்தி ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. ஆள்வோனை எப்படி விளிப்பது? ஆங்கிலக் கதைகளில் 'சார்' என்றும் 'மாஸ்டர்' என்றும் விளித்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுகிறார்கள். நம் வழித்தடத்தில் அது அவ்வளவு எளிதில்லை. பாலக்காடு பிரிட்டிஷ் மலபாரில் இருந்தது, சித்தூர் கொச்சி ராஜ்யத்தில், தேவிகுளமும் பீர்மேடும் திருவிதாங்கூரில். சட்டப்படி அடிமைமுறை மலபாரில் 1843இலும், கொச்சியில் 1854இலும், திருவிதாங்கூரில் 1855இலும் ஒழிந்தது. ஒரே பஸ் பயணத்தில் மூன்று ஒழிப்பு ஆண்டுகள். சட்டத்துக்குப் பின்னும் தம்புரான் முன்னால் நின்றவன் 'நான்' என்று சொல்ல முடியாது. 'அடியன்' என்றே சொல்லவேண்டும். மலையேறினால் துரை, துரைக்குக் கீழே கங்காணி. தேயிலைக் காட்டில் கொள்ளுப்பாட்டன் வாங்கிய அடியை நிறுத்தக் காப்புச்சொல் கிடையாது. ஆகவே இந்த மண்ணில் ஒருவன் இன்னொருவனைத் 'தம்புரானே' என்று விளையாட்டுக்கு அழைத்தால், அறையில் இருவர் மட்டும் இல்லை. நல்ல எழுத்தாளன் அதை அறிந்து எழுதுவான். அறியாதவன் 'துரை' என்று எழுதிவிட்டுத் தோல்வாரைத் தேடுவான். யார் எவனுக்கு அடங்குகிறான், அவன் தாத்தா எவனுக்கு அடங்கினான் என்ற இரண்டு கேள்விகளும் சேர்ந்ததே இத்திணையின் முதற்பொருள். கேட்காமல் எழுதிய கதைகளைப் பெருந்திணையிலும் சேர்க்கமாட்டேன்.

இனிக் காப்புச்சொல். விளையாட்டு மிஞ்சும்போது ஆட்படுவோன் சொல்லி நிறுத்தும் சொல். நியூயார்க் ஆண்கள் சங்கம் ஒன்று 1983இல் 'பாதுகாப்பு, தெளிவு, இசைவு' என்ற மூன்றையும் சேர்த்து ஒரு வாசகமாக்கியது. அதன் குழந்தைதான் இந்தச் சொல்லுக்குக் கிடைத்த மதிப்பு. எல்லையோரத்தில் இதில் ஒரு சிக்கல் உண்டு. மலையாளத்தில் 'மதி' என்றால் போதும். தமிழில் 'மதி' என்றால் நிலா, அறிவு, மதிப்புக் கொடு. கொழிஞ்சாம்பாறைக்காரன் கட்டுண்டு கிடந்து 'மதி, மதி' என்று கதற, உடுமலைக்காரன் தன்னைப் புகழ்கிறான் என்று எண்ணி இன்னும் முனைவான். 'பட்டி' இன்னும் மோசம்: தமிழில் ஊர், மலையாளத்தில் நாய். ஊர்ப்பெயர் கேட்டவனுக்கு வசவு விழும். சித்தூரில் ஓர் ஊண் கடையில் பரிமாறியவரிடம் நான் 'போதும்' என்றேன், பக்கத்து இலைக்காரர் 'மதி' என்றார்; இருவருக்கும் சாம்பார் நின்றது. பரிமாறத் தெரிந்தவருக்குச் சொல்லைவிட இலைமேல் விரித்த கை தெரியும். கயிற்றுக்கும் அதுவே விதி. எனினும் சொல் வேண்டுமென்றால் 'வேண்டாம்' இருக்கிறது. மலையாளத்தார் 'வேண்டா' என்பார்கள். ஒரு மெய்யெழுத்துத்தான் குறைவு, பொருள் குறையவில்லை.

இனி இழப்பு. இதுவே இந்நூலின் நடு. கயிற்றைப் பற்றி எழுதுபவர்கள் பெரும்பாலும் கயிற்றிலேயே சிக்கிக்கொள்கிறார்கள். இவ்வகைக் கதையின் உயிர் இழப்பில் இருக்கிறது. இழப்பு பல வகைப்படும். கல்ஃபுக்குப் போய் இழத்தல் ஒன்று: அவன் சாகவில்லை, மாதத்துக்கு ஒரு போன், பிறகு அதுவும் இல்லை. பாலைத்திணையில் பொருள்வயிற் பிரிவு என்று முன்னமே சொல்லப்பட்டதால் விரிக்கவில்லை.

கல்யாணத்தால் இழத்தல் இரண்டாவது. எல்லையோரத்தில் மிகப் பெரிய வகை இதுவே என்பது என் துணிபு. காதலன் கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுக்கிறான். வாங்கியவன் முதல் வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, மொய் எழுதிவிட்டு வருகிறான். உயிரோடு இருப்பவனுக்காக அழ முடியாது. 2018 செப்டம்பர் 6ஆம் தேதி உச்ச நீதிமன்றம் 377ஆம் பிரிவின் கட்டை அவிழ்த்தது. 2023 அக்டோபர் 17ஆம் தேதி அதே நீதிமன்றம் ஆணும் ஆணும் மணப்பதற்குச் சட்டத்தில் உரிமை இல்லை என்றது. அடுத்த மாதம் 23ஆம் தேதி ஜியோ பேபியின் 'காதல்: தி கோர்' வந்தது. மம்மூட்டி ஏற்ற மாத்யூ தேவசியின் மனைவி ஓமனா மணவிலக்குக் கேட்கிறாள். இத்தனை ஆண்டுகளும் இழந்தவள் அவளும்தான் என்பதை அந்தப் படம் ஓமனாவாக வந்த ஜோதிகாவின் முகத்தை வைத்தே சொல்லிவிட்டது. இலக்கண நூல்கள் களவையும் கற்பையும் இரண்டு இயலாக வைத்தன. இக்காதலர்க்கு இந்நாட்டில் களவியல் மட்டும் அச்சாகியிருக்கிறது.

அகப்பாட்டில் தலைவன் தலைவியின் பெயரைச் சுட்டக்கூடாது என்பது விதி. இவர்களும் பெயர் சுட்டுவதில்லை. அங்கே காரணம் மரபு. இங்கே காரணம் மாமா.

மூன்றாவது, சாவால் இழத்தல். கீது மோகன்தாஸின் 'மூத்தோன்' (2019) படம் லட்சத்தீவில் அக்பருக்கும் வாய்பேசாத அமீருக்கும் இடையே காதலை வைக்கிறது. அமீர் சாகிறான், அக்பர் மும்பைக்குப் போய் வேறொரு மனிதனாக, கொடியவனாக ஆகிறான். இழப்பு உண்டு, மறுகாதல் இல்லை. தமிழில் கி.ரா.வின் 'கோமதி'யில் ஏக்கம் உண்டு, கைகூடல் இல்லை. கரிச்சான் குஞ்சுவின் 'பசித்த மானிடம்' (1978) ஆள்வதையும் ஆளப்படுவதையும் அறிந்த நாவல். ஆனால் அங்கே விளையாட்டு இல்லை, பசிதான் இருக்கிறது. ஆக, நாம் வகுக்கும் வகைக்கு முழு எடுத்துக்காட்டு இரு மொழியிலும் என் கைக்கு எட்டவில்லை. இலக்கியம் வருமுன் இலக்கணம் எழுதிய முதல் ஆள் நானாக இருக்கலாம்.

வெளிநாட்டு எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது, அது கயிற்றை வைத்து எழுதப்பட்டதாலேயே இங்கே பெரிதாகிறது. ஆடம் மார்ஸ்-ஜோன்ஸ் எழுதிய 'பாக்ஸ் ஹில்' (2020). 1975இல் பதினெட்டு வயது காலின், மோட்டார் சைக்கிள்காரன் ரேயின் நீட்டிய கால் தடுக்கி விழுகிறான். எழுந்திருக்கவே இல்லை என்று சொல்லலாம். பல ஆண்டுகள் ரேயின் சொல்லுக்கு அடங்கி, அவன் வீட்டில் தரையில் படுத்து வாழ்கிறான். ரே சாலை விபத்தில் சாகிறான். காலினுக்கு யாரும் முறைப்படி சொல்லவில்லை. வீட்டுச் சாவி அவனிடம் இருந்ததே இல்லை. அடங்கி வாழ்ந்ததன் விலையை அவன் கொடுத்தது அங்கேதான். இதைத் தழுவி ஹாரி லைட்டன் எடுத்த 'பில்லியன்' 2025இல் கான் விழாவில் ஒரு பிரிவின் திரைக்கதை விருதைப் பெற்றது. கயிறு இல்லாத கதையிலும் இதுவே நடக்கிறது. இஷர்வுட்டின் 'எ சிங்கிள் மேன்' நாவலை டாம் ஃபோர்ட் 2009இல் படமாக்கியபோது, துணையை இழந்து கலிபோர்னியாவில் தனித்திருக்கும் ஜார்ஜுக்கு இறுதிச்சடங்கு குடும்பத்தாருக்கு மட்டும் என்று போனில் தெரிவிக்கப்படுகிறது.

போன் ஒலிப்பது கலிபோர்னியாவில் மட்டும் அன்று. 2024 பிப்ரவரியில் கொச்சியில் ஓர் இளைஞர் மாடியிலிருந்து விழுந்து இறந்தார். உடன் வாழ்ந்த ஆண் துணைவர், உடலைப் பெறுவதற்காகக் கேரள உயர்நீதிமன்றத்தின் வாசலில் நின்றார். உடல் வீட்டாருக்குப் போயிற்று. அஞ்சலி செலுத்த மட்டும் அவருக்கு வழி கிடைத்தது. இதை எந்த வகையில் சேர்ப்பது என்று என் அட்டவணையை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏனெனில் தொல்காப்பியர் இழப்புக்குத் துறை வகுத்தவர். காஞ்சித்திணையில் மனைவியை இழந்த ஆணுக்குத் தபுதார நிலை என்று பெயர் வைத்தார். கணவனை இழந்த பெண்ணுக்குத் தாபத நிலை என்று பெயர் வைத்தார். ஆணை இழந்த ஆணுக்குக் கட்டம் இல்லை. புறநானூற்றில் ஆண்களுக்காக ஆண்கள் அழுதிருக்கிறார்கள், அதுவும் கொஞ்சமாக அல்ல. கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது, அதுவரை நேரில் கண்டே இராத பிசிராந்தையார் பாண்டி நாட்டிலிருந்து வந்து அருகில் அமர்ந்தார். பொத்தியார் பின்னால் வந்தபோது, நடுகல்லாகிவிட்ட அரசன் அவருக்கும் இடம் ஒதுக்கித் தந்ததாகப் பாடினார். இவர்களைக் காதலராக்க நான் துணியேன். உரைகாரர்கள் நட்பு என்றார்கள், நட்பாகவே இருக்கட்டும். நான் வியப்பது கல்லைப் பற்றி. நட்புக்குக் கல் இடம் கொடுத்தது. இன்று உடன் வாழ்ந்தவனுக்குப் பிணவறை வாசலில் உறவுமுறை எழுதும் கட்டத்தில் 'நண்பர்' என்று எழுதவேண்டியிருக்கிறது, அந்தச் சொல்லோ அங்கே எதற்கும் இடம் கொடுப்பதில்லை.

இங்கேதான் கயிறு தன் வேலையைச் செய்கிறது என்று கருதுகிறேன். மறுகாதல் கதையில் இழந்தவன் புதியவனிடம் முதலில் கேட்பது இன்பம் அன்று. யாரும் அவனைத் துக்க வீட்டில் உட்கார வைக்கவில்லை, முடி இறக்கச் சொல்லவில்லை, பதினாறாம் நாள் எண்ணெய் தேய்த்துக் குளிக்கச் சொல்லவில்லை. துக்கத்துக்குத் தொடக்கமும் முடிவும் குறித்துத் தர ஒருவரும் இல்லாதவன், தன் உடம்பை இன்னொருவன் கையில் கொடுத்து, இவ்வளவு நேரம், இந்த அளவு, பிறகு அவிழ்த்துவிடு என்கிறான். அவிழ்த்துவிடுவதே சடங்கு. அவிழ்த்த பிறகு மணிக்கட்டுத் தடத்தைத் தேய்த்துவிட்டு, தண்ணீர் கொடுத்து, பக்கத்தில் உட்கார்ந்திருப்பவன் யாரோ அவனே மறுகாதலன். கட்டத் தெரிந்தவர்கள் பலர். உட்கார்ந்திருக்கத் தெரிந்தவர் சிலர். மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது, அதில் இழவு ஒன்று. இக்கதைகளில் அடி விழும்போது வருவது அந்த அழுகை. வலி அதற்குச் சாக்கு.

வழித்தடத்துக்குத் திரும்புவோம். சின்னாறு இடுக்கி மாவட்டம்தான், ஆனால் மழைமறைவு, முட்காடு. குறிஞ்சியும் முல்லையும் காய்ந்தால் பாலையாகும் என்ற இளங்கோவின் இலக்கணத்துக்கு அங்கே பஸ் ஜன்னலிலேயே சான்று உண்டு. அதைத் தாண்டினால் மறையூர். பாறைமேல் பெருங்கற்காலத்துக் கல்லறைகள், நாலு பக்கம் பலகைக்கல், மேலே மூடுகல். ஊரார் முனியறை என்பார்கள். பக்கத்திலேயே சந்தனக் காடும் கரும்பும் வெல்லம் காய்ச்சும் கொட்டகைகளும். நம் தலைவன் இந்த இடத்தில் இறங்கி ஒரு டீ குடிக்கவேண்டும் என்று விதிக்கிறேன். முனியறையைப் பார்க்காமல் மூணாறுக்குப் போகிறவன் பழையவனை மறக்கப் போகிறான் என்று பொருள். அது மறுகாதல் ஆகாது, ஓட்டம்.

புறனடை: மேற்சொன்ன வகைகளில் அடங்காதவை வந்தால் ஆன்றோர் அவற்றையும் சேர்த்துக்கொள்க. ஒரு கட்டத்தை மட்டும் நானே காலியாக விட்டிருக்கிறேன். தபுதார நிலைக்கும் தாபத நிலைக்கும் அடுத்து, ஆண் துணையை இழந்த ஆணின் நிலைக்கு ஒரு பெயர் வேண்டும். என்னால் ஆக்க முடிந்தவை எல்லாம் ஆக்கியவையாகவே இருக்கின்றன. உங்கள் ஊரில், தோட்டத்து லயத்தில், கள்ளுக்கடைப் பேச்சில் அதற்கு ஒரு சொல் வழங்கினால், மலையாளத்துச் சொல்லானாலும் சரி, எழுதி அனுப்புங்கள்.